அப்பா பேர்ல ஒரு பாலம்

போன வருஷம் ஆபீஸ்ல ஒரு ஜப்பான்காரரோட மூணு மாசம் ஒரே ப்ராஜெக்ட்ல வேலை பார்த்தேன். பெங்களூர்லதான் ஆபீஸ், அவர் டோக்கியோவுல இருந்து வந்திருந்தாரு, அம்பது வயசுக்கு மேல இருக்கும், எல்லாரையும் சர்நேம் சொல்லி, பின்னாடி ஒரு "சான்" சேர்த்துத்தான் கூப்பிடுவாரு. என் ஐடி கார்டுல கடைசியா இருக்கிறது என் பேரு இல்ல, எங்க அப்பா பேரு. நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு அப்படித்தானே, பாஸ்போர்ட் ஃபாரத்துல சர்நேம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என்ன எழுதுறதுன்னு தெரியாம அப்பா பேரை எழுதிட்டு வந்திருப்போம். அதனால மூணு மாசமும் ஒருத்தர் என்னை எங்க அப்பா பேர் சொல்லியே கூப்பிட்டாரு. முதல் வாரம் யாரையோ கூப்பிடுறாருன்னு திரும்பாமயே இருந்தேன், அப்புறம் பழகிருச்சு, பழகினப்புறம் பிடிச்சும் போச்சு.

ஒருநாள் கேன்டீன்ல உங்க பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு. அப்பா பேரு "சேது"ன்னு ஆரம்பிக்கும். அந்த முதல் பாதிக்கு பாலம்னு அர்த்தம்னு சொன்னேன். மனுஷன் சாப்பிடுறதை நிறுத்திட்டாரு. அவர் சர்நேம்லயும் பாலம் இருக்காம், ஜப்பான் மொழியில பாலத்துக்கு "ஹாஷி"ன்னு பேரு. கையில வச்சிருந்த சாப்பிடுற குச்சியைத் தூக்கிக் காட்டி இதுவும் ஹாஷிதான், ஓரம் விளிம்புன்னு சொல்றோமே அதுவும் ஹாஷிதான், சொல்ற ராகமும் எழுதுற எழுத்தும்தான் வேறன்னாரு. அப்புறம் டிஷ்யூ பேப்பர்ல வரிசையா எழுதிக் காட்டினாரு. தாகாஹாஷின்னா உயரமான பாலம், ஜப்பான்ல அதிகம் பேர் வச்சிருக்கிற சர்நேம்ல அது 3வது. ஓஹாஷின்னா பெரிய பாலம். ஹாஷிமோட்டோன்னா பாலத்தோட அடி, பாலம் தொடங்குற இடம். இஷிபாஷின்னா கல் பாலம், அந்தப் பேருள்ள ஒருத்தர்தான் 1931ல டயர் கம்பெனி ஆரம்பிச்சப்ப தன் பேரை இங்கிலீஷ்ல மாத்தி முன்னபின்ன திருப்பிப் போட்டு பிரிட்ஜ்ஸ்டோன்னு வச்சாரு. இத்தனை வருஷமா ரோட்ல பார்க்கிற டயர்ல ஒரு மனுஷனோட குடும்பப் பேரு உருண்டுட்டு இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

ஏன் இவ்வளவு பேருக்கு பாலம்னு கேட்டேன். சாதாரண ஜனங்களும் குடும்பப் பேர் வச்சுக்கலாம்னு அங்க 1870ல சட்டம் வந்திருக்கு, 1875ல எல்லாரும் வச்சே ஆகணும்னு ஆக்கிட்டாங்க. முன்னாடியே வழக்கத்துல இருந்த பேரை எழுதிக் கொடுத்தவங்க உண்டு, இல்லாதவங்க வாசல்ல நின்னா கண்ணுக்கு எது தெரியுதோ அதை வச்சாங்க, வயல் தெரிஞ்சா வயல், மலை தெரிஞ்சா மலை, பாலம் தெரிஞ்சா பாலம். சொல்லி முடிச்சுட்டு ரொம்ப சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாரு. "உங்க அப்பா வீட்டுப் பக்கத்துல எந்தப் பாலம் இருந்துச்சு?"

எனக்கு பதில் வரல. அந்தக் கேள்வியை வச்சுக்கிட்டு நான் யோசிச்ச யோசனையைத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வேடிக்கை என்னன்னா நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பாலக்கரை. திருச்சிக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், சகாயமாதா கோயில், ரவுண்டானா, எடத்தெருவுக்குத் திரும்புற முக்கு, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓயாத ஹாரன். சின்ன வயசுல நாங்க அந்தப் பேரை பால்-கரைன்னு நினைச்சுட்டு இருந்தோம், ஒரு காலத்துல பால் வியாபாரம் பண்ற இடமா இருந்திருக்கும்னு என் ஃப்ரெண்டு ஒருத்தி அடிச்சு சொல்லுவா. எட்டாங்கிளாஸ்ல தமிழ் ஐயா புணர்ச்சி நடத்துறப்ப போர்டுல மரம் கூட்டல் கிளை, மரக்கிளைன்னு எழுதி, கீழயே பாலம் கூட்டல் கரை, பாலக்கரைன்னு எழுதினாரு. மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது. பாலா இருந்தா பாற்கரைன்னு வந்திருக்கும், பாற்கடல் மாதிரின்னாரு. கிளாஸே அமைதியாயிருச்சு. தினமும் நடந்து வர்ற இடத்தோட பேரை ஒரு சாக்பீஸ் ரெண்டா பிரிச்சுக் காட்டுதுன்னா சும்மாவா. ஊருக்கு நடுவுல உய்யக்கொண்டான் ஓடுது, சோழர் காலத்து வாய்க்கால், ஆயிரம் வருஷமா ஓடுது, அதைத் தாண்ட பாலம், பாலத்துக்குப் பக்கத்துல கரை. அவ்வளவுதான் பேரு. இன்னைக்கு பஸ்ல போனா வாய்க்காலைத் தாண்டுனதே தெரியாது, ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் வரும், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிரும். பாலம் கண்ணுல படாத இடத்துக்கு வந்துருச்சு, பேரு மட்டும் கண்டக்டர் வாயில தினம் நூறு தடவை.

கும்பகோணத்துலயும் ஒரு பாலக்கரை இருக்கு, காவிரிக்கரையில. ஆனா பாலக்காட்டைப் பார்த்து ஏமாந்துறக் கூடாது, அது பாலை மரத்தோட காடுன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க, பாலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும், உள்ள இருக்கிற சொல்லு வேற. ஊர்ப்பேர் விஷயத்துல காதை மட்டும் நம்பினா கதை கட்டத்தான் முடியும்.

அந்த டிஷ்யூ பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பார்த்துட்டு இருந்தப்பதான் உறைச்சுது. ஹாஷிமோட்டோ, பாலம் தொடங்குற இடம். அது அப்படியே பாலக்கரைதான்! பாலக்கரையில குடியிருந்த ஒருத்தர் ஜப்பான்ல பிறந்திருந்தா அவர் பேரு ஹாஷிமோட்டோவா இருந்திருக்கும்.

நம்மகிட்டயும் ஊர்ப்பேரை பேரோட சேர்க்கிற வழக்கம் இருந்தது, ஆனா இனிஷியலா சுருக்கிட்டோம். ரா.பி. சேதுப்பிள்ளைன்னா ரா ராஜவல்லிபுரம், பி அவர் அப்பா பிறவிப்பெருமாள் பிள்ளை. தமிழ்நாட்டு ஊர்ப்பேர்களைப் பத்தி முதல்ல ஞாபகம் வர்ற புஸ்தகம் அவர் எழுதின "தமிழகம் ஊரும் பேரும்", 1946ல வந்தது. காலேஜ்ல அதைப் படிச்சிருக்கேன், ஆனா எழுதினவர் பேர்லயே பாலம் இருக்குன்னு அப்ப ஒரு நாளும் தோணினதில்ல. சேதுங்கிற சொல்லு அவ்வளவு தூரம் மனுஷப் பேரா ஆயிருச்சு நமக்கு. சேதுராமன், சேதுலட்சுமி, சேதுமாதவன், சேதுராமலிங்கம்னு யாரையாவது கூப்பிடுறப்ப பாலம்னா கேக்குது? ஒரு ஆள்தான் கேக்குது.

மத்த நாட்டுல எல்லாம் எப்படின்னு தேடித் தேடிப் படிச்சேன், ரெண்டு மாசம் இதே வேலையா இருந்தேன். பிரெஞ்சுல துய்போன், ஸ்பானிஷ்ல புயெந்தே, ஜெர்மன்ல புரூக்னர், எல்லாமே ஏதோ ஒரு பாலத்துப் பக்கத்துல இருந்த வீட்டுக்காரங்க. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ், அந்த ஆத்துக்குப் பழைய பேரு கிராண்டா, அது மேல பாலம் இருந்ததால ஊரு கிராண்டாபிரிட்ஜ் மாதிரி ஒரு பேர்ல இருந்து, வாயில தேஞ்சு தேஞ்சு கேம்பிரிட்ஜ் ஆச்சு. ஊர்ப்பேரு மாறினப்புறம் ஜனங்க, ஊரு கேம்பிரிட்ஜ்னா ஆறு கேமாத்தான் இருக்கணும்னு ஆத்தோட பேரையே கேம்னு மாத்திட்டாங்க. பாலம் போய் ஆத்துக்குப் பேர் வச்சிருக்கு! ஸ்பெயின்ல அல்கந்தரான்னு ஒரு ஊரு, ரோமானியர் காலத்துல ட்ராஜன் ஆட்சியில கட்டின பாலம் கிட்டத்தட்ட 1900 வருஷமா நிக்குது, அரபு பேசுறவங்க வந்து "அல் கந்தரா", அதாவது பாலம்னு சொன்னாங்க, அதுவே ஊர்ப்பேர் ஆகி, குடும்பப் பேரும் ஆகிருச்சு. இப்ப அல்கந்தரா பாலம்னு சொன்னா பாலம் பாலம்னு ரெண்டு தடவை சொல்ற மாதிரி. நாமளும் சேதுப் பாலம்னு சொல்றோமே, நடுசென்டர்னு சொல்ற மாதிரி, அதேதான்.

ஆனா என்னைக் கட்டிப் போட்டது மோஸ்தார். பாஸ்னியாவுல இருக்கு. "மோஸ்த்"ன்னா பாலம், மோஸ்தாரின்னா பாலத்தைக் காவல் காக்கிறவங்க, அந்தக் காவல்காரங்களை வச்சுத்தான் ஊருக்கே பேரு. நெரெத்வா ஆத்து மேல 1566ல கட்டி முடிச்ச ஒத்தை வளைவு கல் பாலம், 1993 நவம்பர் 9ஆம் தேதி போர்ல குண்டு போட்டே உடைச்சாங்க, 2004ல திரும்பக் கட்டினாங்க. அந்த இடைப்பட்ட பத்து பதினோரு வருஷம், பாலக்காவலர்னு பேரு வச்ச ஊர்ல காவல் காக்க அந்தப் பாலம் இல்ல. இதைப் படிச்சப்ப எனக்கு வேற யாரும் ஞாபகம் வரல, எங்க அப்பா ஊர் ராஜாக்கள்தான் வந்தாங்க.

அப்பாவுக்கு ராமநாதபுரம் பக்கம், திருப்புல்லாணியை ஒட்டின ஒரு கிராமம். அந்தச் சீமையை ஆண்டவங்க சேதுபதிகள். பதின்னா தலைவர், சேதுபதின்னா சேதுவுக்குத் தலைவர், பாலத்தோட அதிபதி. இன்னைக்குப் பசங்களுக்கு சேதுபதின்னா நடிகர் முகம்தான் வரும், அதுல தப்பில்ல, ஆனா அந்தப் பேரு முதல்ல ஒரு பொறுப்போட பேரு. மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் 1605 வாக்குல சடைக்கன்ங்கிறவரை சேதுபதியா அமர்த்தினாரு, ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்கு வழியில பாதுகாப்பு இல்லாம இருந்தது, அந்தப் பாதையைக் காக்கிறதுதான் முக்கியமான வேலை. போகலூர்ல இருந்து ஆண்டாங்க, கிழவன் சேதுபதி காலத்துல தலைநகரம் ராமநாதபுரத்துக்கு வந்தது. ராமேஸ்வரம் கோயில் மூணாம் பிராகாரம் சேதுபதிகள் கட்டினது, வழியெல்லாம் சத்திரம் கட்டி வச்சாங்க. சேது காவலன்னு அவங்களுக்கு ஒரு பட்டமே உண்டு. மோஸ்தாரியும் அதே அர்த்தம்தானே! எங்கயோ பாஸ்னியாவுல ஒரு ஊர்ப்பேரு, இங்க ராமநாதபுரத்துல ஒரு ராஜ பட்டம், ரெண்டுக்குள்ளயும் பாலத்துக்குக் காவல் நிக்கிற ஒரு ஆளு.

இன்னொண்ணு, இந்தப் பேரு கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும் இல்ல. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் அடிச்ச காசுல நந்தி உருவம் இருக்கும், கூடவே தமிழ்ல "சேது"ன்னு எழுதியிருக்கும். சேது நாணயம்னே அதுக்குப் பேரு. ஒரு பாலம்னா ரெண்டு கரை இருக்கணும், ரெண்டு கரையிலயும் ஆண்டவங்க அதோட பேரைத் தங்களோட பேரா எடுத்துக்கிட்டாங்க. எனக்கு இதைப் படிச்சப்ப உடம்பு சிலிர்த்துருச்சு. நான் இந்த மண்ணுக்காரி, அதை மறைக்க விரும்பல.

சரி, அவர் கேட்ட கேள்விக்கு வர்றேன். அப்பா வீட்டுப் பக்கத்துல பாலமே இல்ல. ஊருக்கு வெளிய ஒரு கண்மாய், அதோட கலுங்கு, அவ்வளவுதான். அப்பாவுக்கு அந்தப் பேரு வந்தது அப்பத்தாவோட நேர்ச்சையால. கல்யாணம் ஆகி ஆறு வருஷம் பிள்ளை இல்ல, சேதுக்கரையில அமாவாசை அன்னைக்கு முழுகிட்டு, பிள்ளை பிறந்தா சேதுன்னு பேர் வைக்கிறேன், தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டு வந்து முழுக வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டாங்க. அந்தப் பக்கம் சேதுன்னு பேர் வச்ச யாரைக் கேட்டாலும் அவங்க வீட்ல ஒரு முழுக்குக் கதை இருக்கும். ராமர் கட்டினதுன்னு நம்ம ஆளுங்க நம்புற பாலம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல மணல் திட்டும் ஆழமில்லாத கடலுமா கிடக்கு, இங்கிலீஷ் மேப்ல ஆடம்ஸ் பிரிட்ஜ்னு போட்டிருப்பாங்க. யாரும் நடந்து அந்தக் கரைக்குப் போக முடியாது. ஆனா தாகாஹாஷி குடும்பம் எல்லாம் எந்தெந்தப் பாலமோ, ஊருக்கு ஒரு பாலம், ஆத்துக்கு ஒரு பாலம். நம்ம ஊர்ல சேதுன்னு பேர் உள்ள அத்தனை பேருக்கும் அர்த்தம் ஒரே ஒரு பாலம்தான். திருச்சியில பிறந்தாலும் அதுதான், திருச்சூர்ல பிறந்தாலும் அதுதான்.

அப்ப நாம தினமும் ஏறி இறங்குற பாலத்தை என்ன பண்ணினோம்னு யோசிச்சா, அங்க எல்லாம் தலைகீழ். ஆளுக்குப் பாலத்தோட பேரை வைக்கல, பாலத்துக்கு ஆளோட பேரை வச்சோம். அம்மாவுக்கு பாளையங்கோட்டை, லீவுக்குப் போனா கொக்கிரகுளத்துல தாமிரபரணியைத் தாண்டுற சுலோசன முதலியார் பாலத்துல மாமா சைக்கிள் பின்னாடி உக்காந்து போவேன். கலெக்டர் கச்சேரியில சிரஸ்தாரா, அதாவது தலைமை அலுவலரா இருந்தவர் அவரு, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல ஜனங்க படகுக்கு அலைமோதுறதைப் பார்த்துட்டு தன் சொந்தக் காசைப் போட்டு 1843ல 11 வளைவோட பாலத்தைக் கட்ட வச்சாரு. மனைவியோட நகையும் அதுல போச்சுன்னு மாமா பாலத்துல ஏறும்போதெல்லாம் சொல்லுவாரு. இப்படி ஒரு பேரு பாலத்து மேல நிக்கிறது நியாயம். மதுரை ஏ.வி. பாலம் 1889ல வந்தது, ஏ.வி.ன்னா ஆல்பர்ட் விக்டர்னு இங்கிலாந்து இளவரசர், வைகையைத் தினம் தாண்டுறவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரியும், ரெண்டு எழுத்தாத்தான் நிக்குது.

சென்னைக்கு வந்தா இன்னும் நல்ல கதை ரெண்டு இருக்கு. சைதாப்பேட்டையில அடையாறு மேல 1726ல கோஜா பெட்ரஸ் உஸ்கான்ங்கிற ஆர்மீனிய வியாபாரி தன் பணத்துல ஒரு பாலம் கட்டினாரு. பக்கத்துல இருந்த மாம்பலம், வெள்ளைக்காரங்க வாயில மார்மலாங் ஆச்சு, பாலமும் மார்மலாங் பிரிட்ஜ் ஆச்சு. இப்ப அந்த இடத்துல மறைமலை அடிகள் பாலம் இருக்கு, உஸ்கான் வச்ச கல்வெட்டு மட்டும் ரோட்டோரம் நிக்குது. அந்தப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் மேல ஒரு ஹாமில்டன் பாலம். ஹாமில்டன்ங்கிறது நம்ம ஆளுங்க நாக்குல நிக்காம அமட்டன் ஆகி, அம்பட்டன் வாராவதி ஆகி, அப்புறம் அர்த்தத்தை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ்னு போர்டு வச்சாங்கன்னு சென்னையில காலங்காலமா சொல்ற கதை. ஒரு சாதியோட பேரு காரணமே இல்லாம ஒரு பாலத்துல போய் ஒட்டிக்கிட்டது, இப்ப அது அம்பேத்கர் பாலம், அந்த மாத்தம் நல்ல மாத்தம்னுதான் நான் சொல்லுவேன். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம ஊர்ப்பேரை அவங்க வாய் சிதைச்சது ஒரு பாலத்துல, அவங்க ஆள் பேரை நம்ம வாய் சிதைச்சது இன்னொரு பாலத்துல.

வாராவதின்னு எழுதினதும் ஒண்ணு சொல்லணும். தெலுங்குல வாரதின்னா பாலம், சென்னையில வாராவதியா வழங்கினது. எங்க அம்மாவோட பெரியம்மா சென்னையில இருந்தாங்க, அவங்க வாயில பாலம்ங்கிற சொல்லே வராது, வாராவதியாண்ட நில்லுன்னுதான் சொல்லுவாங்க. அவங்க போனதுக்கப்புறம் அந்தச் சொல்லை யார் வாயிலயும் நான் கேக்கல. பேசின் பிரிட்ஜ் இருக்கு, சென்ட்ரலுக்குள்ள விடாம ரயிலை நிறுத்தி வைக்கிற இடம், எல்லாரும் பேக்கை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்போமே அதேதான், அது பாலமாவும் ஆகல வாராவதியாவும் ஆகல, பிரிட்ஜாவே ஊர்ப்பேர் ஆயிருச்சு. ஒரே சாமானுக்கு பாலம், வாராவதி, பிரிட்ஜ், சேதுன்னு நாலு சொல்லு நம்மகிட்ட, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல போய் உக்காந்திருக்கு.

உடைஞ்ச பாலத்துக்கும் பேர் உண்டு. இங்கிலாந்துல பான்டிஃப்ராக்ட்னு ஒரு ஊரு, லத்தீன்ல உடைஞ்ச பாலம்னு அர்த்தம், 12ஆம் நூற்றாண்டுல இருந்தே அந்தப் பேருதான். நம்ம சென்னையில அடையாறு முகத்துவாரத்துல 1967ல ஒரு பாலம் கட்டி 1977ல ஆறு அதை இழுத்துட்டுப் போச்சு, அதுக்குப் பேரே உடைஞ்ச பாலம்தான், வழி கேட்டா அப்படித்தான் சொல்லணும். திருச்சியில கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம், 1928ல கட்டினது, பக்கத்துல புதுசு வந்ததும் போக்குவரத்தை நிறுத்தி வச்சிருந்தாங்க, 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல தூண் சாய்ஞ்சு நடுவுல விழுந்துருச்சு. அன்னைக்கு சாயங்காலம் அப்பாவும் நானும் போனோம். புதுப் பாலத்து மேல ஜனங்க வரிசையா நின்னு ஒருத்தரும் பேசாம பார்த்துட்டு இருந்தாங்க, தண்ணி செக்கச்செவேல்னு போகுது. அப்பா பொன்மலை ஒர்க்ஷாப்ல 36 வருஷம் வேலை பார்த்தவரு, இரும்பு எங்க விட்டுக் கொடுக்கும்னு அவருக்குத் தெரியும். ரொம்ப நேரம் கழிச்சு "இரும்பு தப்பு பண்ணல பாப்பா, அடியில மண்ணு போயிருச்சு"ன்னு மட்டும் சொன்னாரு.

பெங்களூர்ல இருக்கிறதுல எனக்கு ஒரு சந்தோஷம், கன்னடத்துல பாலத்துக்கு இன்னைக்கும் சேதுவேதான். நம்மகிட்ட கோயிலுக்கும் பேருக்கும் போயிட்ட சொல்லு அங்க ஜல்லியும் சிமென்டுமா ரோட்ல நிக்குது. மேம்பாலத்துக்கு மேல்சேதுவேன்னு போர்டு. அந்த எழுத்தைப் படிக்கக் கத்துக்கிட்டதுக்கப்புறம் ஒவ்வொரு ஃப்ளைஓவர்லயும் எங்க அப்பா பேர்ல பாதி தொங்குறது தெரியும். ஒருநாள் டிராஃபிக்ல நின்னுட்டு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பி படிச்சும் காட்டினேன், மனுஷன் அதை உறவுக்காரங்க வாட்ஸ்அப் குரூப் அத்தனைக்கும் அனுப்பிட்டாரு.

ஜப்பான்காரர் கிளம்புறதுக்கு முந்தின வாரம் அவர் கேள்விக்கு பதில் சொன்னேன். வீட்டுப் பக்கத்துல பாலம் இல்ல, கடலுக்குள்ள இருக்கு, அதுல குளிச்சுட்டு வந்து எங்க பாட்டி அந்தப் பேரை வச்சாங்கன்னேன். அப்பா அதைப் பார்த்திருக்காரான்னு கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

பார்த்திருக்காரு. 1960, அப்பாவுக்கு ஏழு வயசு, நேர்ச்சையை முடிக்க அப்பத்தா கூட்டிட்டுப் போயிருக்காங்க. ராமநாதபுரத்துல ரயில் ஏறி மண்டபம் வந்து, பாம்பன் பாலத்துல வண்டி ஊர்ந்து போகுது, ஜன்னல்ல எட்டிப் பார்த்தா கீழ பாலம் தெரியல, தண்ணி மட்டும்தான் தெரியுது, ரயில் கடல் மேல மிதக்குதுன்னு நினைச்சு அப்பத்தா மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டாராம். அந்தப் பாலம் 1914ல திறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. பாம்பன்ல லைன் ரெண்டா பிரியும், ஒண்ணு ராமேஸ்வரத்துக்கு, ஒண்ணு தனுஷ்கோடிக்கு. தனுஷ்கோடியில ரயில்ல இருந்து இறங்கி இலங்கைக்குக் கப்பல் ஏறப் போற கூட்டம், டிரங்குப் பெட்டி, கூடை, கருவாட்டு வாசனை, இதெல்லாம் அப்பாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடல்ல முழுகி எந்திரிச்சதும் அப்பத்தா குனிஞ்சு ஒரு கை மண்ணை அள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. சேதுவுல மண்ணு எடுத்துட்டுப் போய் கங்கையில கரைச்சுட்டு, அங்கிருந்து கங்கைத் தண்ணி கொண்டு வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் பண்ணினாத்தான் காசி யாத்திரை முழுமையாகும்னு வழக்கம். நாலு வருஷத்துல, 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல்ல தனுஷ்கோடியே போச்சு, பாம்பன்ல இருந்து கிளம்பின பாசஞ்சர் ரயில் ஆட்களோட கடலுக்குள்ள போச்சு. புயல்ல அடிபட்ட பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரி பண்ணி ரயில் விட்டாங்க, அந்த ஊரைத் திரும்பக் கட்டல. அந்தப் பாலத்துக்கும் இப்ப ஓய்வு கொடுத்துட்டாங்க, 2025 ஏப்ரல்ல இருந்து புதுப் பாலத்துலதான் ரயில்.

அப்பத்தாவால காசிக்குப் போக முடியல. காசு சேரும், யாருக்காவது கல்யாணம் வரும், போயிரும். மண்ணு எங்கன்னு கேட்டேன். அப்பா போனை வச்சுட்டு எந்திரிச்சுப் போற சத்தம் கேட்டுச்சு, பீரோ திறக்கிற சத்தம், அப்புறம் வீடியோ கால்ல வந்தாரு. பல்பொடி வந்த தகர டப்பா, துரு ஏறி மூடி இறுகிப் போயிருக்கு, ஸ்பூன் காம்பை வச்சு நெம்பித் திறந்தாரு. உள்ள வெள்ளைத் துணி, மஞ்சளாயிருக்கு, பிரிச்சா சாம்பல் கலர்ல மண்ணு, நடுவுல சின்னதா ஒரு சிப்பி உடைசல். ஒரு கைக்குக்கூட இருக்காது. இத்தனை வருஷம் அந்த வீட்ல இருந்திருக்கேன், பாலக்கரையில அந்த பீரோவுலதான் என் ஸ்கூல் சர்டிபிகேட்டும் இருந்துச்சு, நான் பார்த்ததே இல்ல.

அடுத்த மாசி மாசத்துக்கு காசிக்கு டிக்கெட் போட்டிருக்கோம், அப்பா, அம்மா, நான். முதல்ல பிரயாகை, அப்புறம் காசி, திரும்பி வந்து நேரா ராமேஸ்வரம். ரிசர்வேஷன்ல பேர் போடுறப்ப அப்பா பக்கத்துல நின்னு எழுத்து சரியா இருக்கான்னு ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தாரு. டப்பா பெட்டிக்குள்ள வராது, தன் கைப்பையிலதான் வரும்னு இப்பவே சொல்லிட்டாரு.